துருப்பிடிச்ச பழைய பென்ஸ் கார வீட்டிலேயே சரி பண்றது: சிங்கப்பூர்ல புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பழைய சொகுசுக் கார் ஒண்ணு வாங்கி, துருவெல்லாம் எடுத்து, சொந்தக் கையால சரி பண்ணி ஓட்டணும்னு ஆசைப்படுறவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் இருக்காங்க. ஆனா அவங்க பாக்குற வீடியோ எல்லாம் அமெரிக்காவுலயோ இங்கிலாந்துலயோ எடுத்தது, அங்க பெரிய கராஜ் இருக்கு, கார மொத்தமா பிரிச்சுப் போட்டு வருஷக்கணக்கா வெச்சிருந்தாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இங்க சட்டம் வேற, காத்துல இருக்குற ஈரம் வேற, இடமும் கம்மி. அதனால இங்க எனக்குத் தெரிஞ்சு ஒத்து வர்ற முறை ஒண்ணுதான்: கார ஒரேயடியா பிரிக்காதீங்க, ஒரு பகுதிய மட்டும் எடுங்க, அத வெறும் தகடு வரைக்கும் போயி, ப்ரைமர், பெயிண்ட், உள்ள மெழுகு வரைக்கும் முழுசா முடிங்க, வண்டி பாட்டுக்கு ரோட்டுல ஓடிட்டே இருக்கட்டும், அப்புறம் அடுத்த பகுதிக்குப் போங்க. கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு முறைய வெச்சுத்தான்.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி

முதல்ல பேப்பர் வேலை. இது போரடிக்கும்னு தெரியும், ஆனா இதுல கோட்டை விட்டா கார் கைக்கு வந்தும் பிரயோஜனம் இல்ல. விக்கிறவர் "சிஓஇ முடிஞ்சு போச்சு, டீரெஜிஸ்டர் பண்ணியாச்சு, சும்மாதான் நிக்குது, ஒரு விலை சொல்லி எடுத்துக்கங்க"ன்னு சொன்னா அந்த வண்டிய விட்டுருங்க. (சிஓஇங்கிறது இங்க வண்டி வெச்சு ஓட்டுறதுக்கான உரிமைச் சான்றிதழ்.) பதிவு ரத்தான வண்டிய ஒரு மாசத்துக்குள்ள ஸ்கிராப் பண்ணணும் இல்லன்னா ஏற்றுமதி பண்ணணும், வீட்டு வாசல்ல வெச்சு நிதானமா சரி பண்ணிக்கலாம்னு நெனச்சா முடியாது.

அப்போ பதிவுல இருக்குற வண்டிதான் பாக்கணும். அதுல ரெண்டு வகை வரும். ஒண்ணு சிஓஇ புதுப்பிச்சு ஓடிட்டு இருக்குறது, அத 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சாங்களா 10 வருஷத்துக்கான்னு கண்டிப்பா கேளுங்க, ஏன்னா 5 வருஷப் புதுப்பிப்பு முடிஞ்சா அதுக்கு மேல நீட்டிக்க முடியாது, 10 வருஷம்னா மறுபடியும் புதுப்பிக்கலாம். ஆசை ஆசையா துரு எடுத்து பெயிண்ட் அடிச்சு முடிக்கிற நேரத்துல வண்டிய ஸ்கிராப்புக்குக் கொடுக்குற நிலைமை வரக் கூடாது பாருங்க. இந்த வகை வண்டிக்கு ரோடு டாக்ஸும் ஏறும், 10 வருஷம் தாண்டினதும் கூடுதல் கட்டணம் ஆரம்பிச்சு, 14 வருஷத்துக்கு மேல போனா 50 சதவீதத்துல வந்து நிக்கும். இன்னொரு வகை கிளாசிக் திட்டத்துல இருக்குற வண்டி. குறைஞ்சது 35 வயசு ஆகியிருக்கணும், வருஷத்துக்கு 45 நாள் வரைக்கும்தான் ஓட்டலாம், ரோடு டாக்ஸ் வருஷத்துக்கு 310 வெள்ளி. வாரக் கடைசியில வேலை பாத்து, எப்பவாவது குடும்பத்தோட ஒரு சுத்து போயிட்டு வர்றவங்களுக்கு இதுதான் சரியா வரும்னு நான் நெனைக்கிறேன். விதியும் கட்டணமும் அப்பப்ப மாறும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி எல்டிஏவோட (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஒன்மோட்டரிங் இணையப் பக்கத்துல அந்த வண்டியோட நம்பரப் போட்டு நீங்களே ஒரு தடவ பாத்துருங்க.

10 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. அந்தத் தேதிய மனசுல வெச்சுத்தான் வேலைய திட்டம் போடணும். இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச கையோட பெரிய வேலைய ஆரம்பிச்சா அடுத்த தேதி வர்றதுக்குள்ள முடிச்சுரலாம், தேதி நெருங்குற நேரத்துல பிரேக்கையோ அடித்தளத்தையோ பிரிக்கக் கூடாது.

எந்தக் கார் எடுக்கலாம்

சிங்கப்பூர்ல புதுசா ஆரம்பிக்கிறவருக்கு நான் மெர்சிடிஸ்தான் சொல்வேன். சைக்கிள் அண்ட் கேரேஜ் 1951-லேருந்து இங்க மெர்சிடிஸ் வித்துட்டு இருக்காங்க, அதனால பழைய பென்ஸ் கைவெச்சுப் பழகின மெக்கானிக்குங்க இன்னும் இருக்காங்க, ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கும். ஜெர்மனியில ஃபெல்பாக்ல கம்பெனியே நடத்துற கிளாசிக் சென்டர் 1993-லேருந்து இருக்கு, பழைய மாடலுக்கான ஒரிஜினல் பாகங்களுக்கு அங்கயும் வழி இருக்கு. டபிள்யூ123 மாடல் 1976-லேருந்து 1985 வரைக்கும் வந்தது, உலகம் முழுக்க கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டி, அதனால பார்ட்ஸுக்குப் பஞ்சம் இல்ல, என்ஜினும் புரிஞ்சுக்குறதுக்கு லேசு. பெரிய சொகுசுக் கார்தான் வேணும்னா டபிள்யூ126, அதாவது 1979-லேருந்து 1991 வரைக்கும் வந்த எஸ் கிளாஸ். எனக்குப் பிடிச்சது இதுதான், கதவ மூடுற சத்தம் ஒண்ணே போதும். அதுலயும் வி8 வேண்டாம், ஆறு சிலிண்டர் 280 இல்லன்னா 300 எடுங்க, பானட்டுக்குள்ள கை விட்டு வேலை பாக்க இடம் இருக்கும்.

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷாடோ விலை கம்மியா வருதேன்னு சிலர் கேப்பாங்க. அழகான கார், ஆனா அதோட பிரேக்கும் சஸ்பென்ஷன் உயரத்த சரி பண்ற அமைப்பும் சிட்ரோயன்கிட்ட லைசென்ஸ் வாங்கின ஹைட்ராலிக் அமைப்புல ஓடுது, அழுத்தம் ரொம்ப அதிகம், ஆயிலும் தனி வகை, தப்பான ஆயில் ஊத்தினா உள்ள இருக்குற சீல் எல்லாம் போயிரும். முதல் காருக்கு அது வேண்டாம்.

எங்க வெச்சு வேலை பாக்குறது

வீவக (அரசு அடுக்குமாடி வீடு) கார்பார்க்ல ரிப்பேர் வேலை பாக்க அனுமதி இல்ல. காண்டோவுலயும் பெரும்பாலும் விட மாட்டாங்க. தரைவீடு இருக்குறவங்க, இல்ல அண்ணன் தம்பி, மாமா மச்சான்னு யாருக்காவது தரைவீடு இருந்தா, போர்ச்ல வெச்சு செய்யலாம். மத்தவங்க சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல பேசி ஒரு பே, அதாவது ஒரு வண்டி நிறுத்தி வேலை பாக்குற இடம், வாடகைக்கு எடுக்கலாம். இப்பிடி ரெண்டையும் கலந்துக்கிட்டாதான் நல்லதுங்கிறது என் எண்ணம்: கதவு பேனல், சீட்டு, கார்ப்பெட், கிரில், பிராக்கெட் மாதிரி கழட்டி எடுத்துட்டுப் போற சாமானெல்லாம் வீட்டு பால்கனியிலயே பாக்கலாம், கிரைண்டரும் ஜாக்கியும் தேவைப்படுற வேலைய மட்டும் ஒர்க்‌ஷாப் பேல பாக்கலாம். தரைவீட்டுல செஞ்சாலும் கிரைண்டர் சத்தம் பக்கத்து வீட்டுக்கு நல்லாவே கேக்கும், ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிக்காதீங்க, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிட்டா அவங்களும் பொறுத்துக்குவாங்க.

இன்னொண்ணு. பழைய என்ஜின் ஆயில், தின்னர், கூலன்ட் எதையும் வாசல்ல இருக்குற கால்வாயில ஊத்தக் கூடாது. நம்ம கால்வாய் தண்ணிதான் நீர்த்தேக்கத்துக்குப் போகுது. பழைய ஆயில மூடி போட்ட கேன்ல சேத்து வெச்சு ஒர்க்‌ஷாப்ல கொடுத்தா அவங்க ஆயில் எடுக்க வர்றவங்ககிட்ட சேத்துக் கொடுத்துருவாங்க.

சாமான் வாங்க ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைங்க போதும். நல்ல ஜாக் ஸ்டாண்ட் நாலு, சாக்கெட் செட், கோண கிரைண்டர், ஒயர் பிரஷ் வீல், உப்புத்தாள் 80-லேருந்து 400 வரைக்கும், நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, புகை வடிகட்டுற முகமூடி, தீயணைப்பான். எதுல சிக்கனம் பிடிச்சாலும் ஜாக் ஸ்டாண்ட்ல பிடிக்காதீங்க. வெறும் ஜாக்கிய நம்பி காருக்கு அடியில ஒரு விரலக்கூட நீட்டக் கூடாது.

துருவுக்கு முன்னாடி பிரேக்

வண்டி வந்ததும் எல்லாரும் பாக்குறது பெயிண்ட்ட. நீங்க முதல்ல டயர் சுவர்ல இருக்குற நாலு இலக்கத்தப் பாருங்க, 2319-ன்னு இருந்தா 2019-ல 23-ஆவது வாரம் செஞ்சது, ரப்பர் பழசாயிருந்தா கோடு எவ்வளவு ஆழமா இருந்தாலும் மாத்திருங்க. பிரேக் ரப்பர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், ரெண்டையும் வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்தணும். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், நம்ம ஊர்ல கேக்கவே வேண்டாம், முன்னாடி இருந்தவர் எப்ப மாத்தினாருன்னு தெரியலன்னா முழுசா மாத்திருங்க. பழைய பிரேக்ல இருக்குற தூச ஏர் அடிச்சு ஊதாதீங்க, அந்தக் காலத்து பேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத் துணியால துடைச்சு எடுங்க. இதெல்லாம் கைப்பழக்கம் இல்லாதவங்க மெக்கானிக்க வெச்சு முடிச்சுக்குறது நல்லது. நம்ம ஹாபி துருவுலேருந்துதான் ஆரம்பிக்குது.

தட்டிப் பாக்குறது

துரு வெளியில ஒரு காசு அளவுக்குத் தெரிஞ்சா உள்ள ஒரு தட்டு அளவுக்கு இருக்கும்னு எடுத்துக்கங்க. அதனால கிரைண்டரக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க சும்மா பாக்குறதுக்கும் தட்டுறதுக்கும் ஒதுக்குங்க. ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த ஒரு மெல்லிசுத் துணியில சுத்தி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்க, ஒட்டாம வழுக்குற இடத்துல கெட்டியா பட்டி போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டணும், தேங்காயத் தட்டிப் பாக்குற மாதிரிதான், நல்ல தகடு டிங்குன்னு தெளிவா சத்தம் கொடுக்கும், செத்த தகடு டொக்குன்னு அமுங்கிப் போகும்.

டபிள்யூ126-ல ரொம்ப முக்கியமான இடம் கதவுக்குக் கீழ ஓடுற பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னாடி இருக்கு. வெளிய பாத்தா அந்தப் பலகை சுத்தமா அழகா இருக்கும். அத கவனமா கழட்டுங்க, உள்ள இருக்குற கிளிப்புங்க வயசாகி மொறுமொறுன்னு ஆயிருக்கும், சிலது உடையும், அதனால புது கிளிப் ஒரு பாக்கெட் வாங்கி வெச்சுக்கிட்டே ஆரம்பிங்க. பலகை வந்ததும் பின்னாடி காஞ்ச சேறு ஒரு வரிசையா படிஞ்சிருக்கும். அத பிரஷ்ஷால தள்ளினா ஜாக்கி மாட்டுற நாலு ஓட்டையும் தெரியும், துரு பெரும்பாலும் அந்த ஓட்டையோட விளிம்புலதான் ஆரம்பிக்கும், ஏன்னா ஒவ்வொரு தடவ ஜாக்கி மாட்டும்போதும் அங்க பெயிண்ட் உரசிப் போகுது, மூடி போட்டிருந்த ரப்பரும் தொலைஞ்சு போயிருக்கும். விரல உள்ள விட்டுத் தடவுங்க. மணல் மாதிரி தட்டுப்பட்டா மேல் துரு, அட்டை மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சா தகடு மெலிஞ்சிருச்சு, அழுத்தினா உள்ள போச்சுன்னா அந்த இடத்த வெட்டி எடுத்துதான் ஆகணும்.

மத்த இடங்கள்: பின் கண்ணாடியோட கீழ் ரெண்டு மூலை, பேட்டரி வைக்கிற தட்டுக்கு அடியில, பூட்ல ஸ்பேர் டயர் குழி, முன் மட்கார்டோட கீழ் முனை, கால் வைக்கிற இடத்துல கார்ப்பெட்டுக்கு அடியில, சக்கர வளைவோட உள் மடிப்பு. டபிள்யூ123-னா ஹெட்லைட்ட சுத்தியும் பாருங்க. ஒவ்வொண்ணையும் போன்ல படம் எடுத்து, ஒரு நோட்டுல மேல் துரு, மெலிஞ்சது, ஓட்டைன்னு மூணு வகையா எழுதி வைங்க.

தண்ணி எங்கருந்து வருது

நம்ம ஊர்ல குளிர் நாட்டு மாதிரி ரோட்டுல உப்பு போடுறது கிடையாது. ஆனா வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, கடல் காத்து, எப்பவும் ஈரம். அடியிலேருந்து துரு பிடிக்கிறதவிட மேலேருந்து இறங்குற தண்ணி உள்ள தேங்கி துருப்பிடிக்கிறதுதான் இங்க அதிகம். அதனால துருவ எடுக்குறதுக்கு முன்னாடியே தண்ணி வர்ற வழிய அடைங்க, இல்லன்னா எவ்வளவு நல்லா பெயிண்ட் அடிச்சாலும் உள்ளேருந்து திரும்ப வரும்.

தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழ நிறுத்தின காரா இருந்தா முதல்ல பானட்டத் தூக்கி வைப்பர் இருக்குற பள்ளத்தப் பாருங்க. அந்த மரத்தோட சின்னச் சின்ன இலை சல்லடைக்குள்ளயே இறங்கிப் போயிரும், உள்ள மக்கி கருப்பா தேயிலைச் சக்கை மாதிரி தண்ணி போற ஓட்டைய அடைச்சுக்கும், மழை பெஞ்சா தண்ணி போக வழி இல்லாம காருக்குள்ள கால் வைக்கிற இடத்துல இறங்கும். கையால அள்ளிப் போட்டுட்டு ஒரு கப் தண்ணி ஊத்துங்க, அடியில உடனே ஒழுகணும்.

சன்ரூஃப் இருந்தா நாலு மூலையிலயும் குழாய் இருக்கு. ஒவ்வொரு மூலையிலயும் கொஞ்சம் தண்ணி ஊத்தி எங்க வெளிய வருதுன்னு பாருங்க. அடைச்சிருந்தா புல் வெட்டுற மெஷின்ல போடுற நைலான் நரம்ப விட்டு மெதுவா குத்தி எடுங்க, கம்ப்ரஸர் காத்து அடிச்சா குழாய் உள்ள கழண்டுக்கும், அப்புறம் மேல் துணியையே இறக்கணும். பின் கண்ணாடி ரப்பர் காஞ்சு சுருங்கியிருந்தா கண்ணாடிக் கடையில சொல்லி எடுத்து, அடியில துரு எடுத்து, புது ரப்பர் போடுங்க. பழைய ரப்பர் மேலயே சிலிக்கான் தடவுறது வேண்டவே வேண்டாம், தண்ணிய உள்ள பூட்டி வெச்ச மாதிரி ஆயிரும்.

துருவ எடுக்குறது

இப்பதான் கிரைண்டர். பேட்டரியோட நெகட்டிவ் ஒயர முதல்ல கழட்டிருங்க. பெட்ரோல் டேங்க், குழாய் பக்கத்துல தீப்பொறி போகக் கூடாது, கார்ப்பெட்டையும் பஞ்சையும் எடுத்துருங்க, அடிப்பக்கம் பூசியிருக்குற தார் கூட புகைஞ்சு பத்தும், வேலை முடிஞ்சும் அரை மணி நேரம் அங்கேயே இருங்க.

மேல் துருவுக்கு ஒயர் வீல், அப்புறம் 80 உப்புத்தாள். துரு தெரியுற இடத்தோட நிக்காம சுத்தி ரெண்டு விரல்கடை நல்ல தகடு தெரியுற வரைக்கும் பெயிண்ட்ட எடுக்கணும். தகட்டுல சின்னச் சின்னக் குழியா கருப்புப் புள்ளி மிச்சம் இருக்கும், அதுதான் திரும்ப வர்ற துருவோட விதை. அதுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி தடவி, பாட்டில்ல போட்டிருக்குற நேரத்துக்கு ஈரமாவே வெச்சு, தேய்ச்சு, பாட்டில்ல சொல்ற மாதிரி கழுவி, உடனே துடைச்சுக் காய வைக்கணும். கழுவாம விட்ட ஆசிட் மேல அப்புறம் அடிக்கப் போற எபாக்ஸி ப்ரைமர் ஒழுங்கா ஒட்டாது. துருவ கருப்பா மாத்துற கன்வர்ட்டர்னு ஒண்ணு விக்கிறாங்க, டேனிக் ஆசிட் வேலை அது. கை போகாத மூலைக்கு அது சரி, கண்ணுக்குத் தெரியுற பேனல்ல அதையே நம்பி மேல பெயிண்ட் அடிக்கிறத நான் ஒத்துக்க மாட்டேன்.

பிராக்கெட், கதவுக் கீல், பேட்டரி கிளாம்ப் மாதிரி சின்னச் சாமானுக்கு வீட்டுலயே மின்சார முறை இருக்கு, ரொம்ப திருப்தியான வேலை. பிளாஸ்டிக் வாளியில தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ்வ துருப்பிடிச்ச சாமான்ல மாட்டுங்க, பாசிட்டிவ்வ வேண்டாத இரும்புத் துண்டுல, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாது. ராத்திரி முழுக்க விட்டா துரு கருப்புச் சேறா மாறி பிரஷ்ஷுக்கே கழண்டுக்கும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் போடவே போடாதீங்க, குரோமியம் விஷமா தண்ணியில இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிய வரும், அதனால காத்தோட்டமான இடம் வேணும், கையில ஒயரத் தொடுறதுக்கு முன்னாடி சுவிட்ச அணைக்கணும். ஸ்பிரிங், சஸ்பென்ஷன் போல்ட் மாதிரி கடினமான இரும்ப இதுல போடக் கூடாது, ஹைட்ரஜன் உள்ள போயி உடையுற தன்மை வந்துரும்.

ப்ரைமர் அடிக்கிற நாள்

வெளிநாட்டு வீடியோவுல வெறும் தகட்ட ஒரு வாரம் விட்டுட்டு வந்து ப்ரைமர் அடிப்பாங்க. இங்க காலையில பளபளன்னு எடுத்த தகடு சாயங்காலத்துக்குள்ள மஞ்சள் பூத்துரும், கைவேர்வை பட்ட இடத்துல விரல் ரேகையே துருவா தெரியும். அதனால அன்னிக்கு எவ்வளவு ப்ரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு இடத்த மட்டும்தான் அன்னிக்கு உரிக்கணும். ஒரு பகுதியா வேலை பாக்கணும்னு மேல சொன்னதுக்கு இதுதான் பெரிய காரணம்.

ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி வேலை பாக்குற இடத்துல மாட்டுங்க. தகட்டோட சூடு பனி படியுற வெப்பநிலைய விட குறைஞ்சது 3 டிகிரி மேல இருந்தாதான் பெயிண்ட் அடிக்கணுங்கிறது இந்தத் தொழில்ல எல்லாரும் பாக்குற கணக்கு. மழை பெஞ்சு ஓஞ்ச நேரத்துல 28 டிகிரி, 85 சதவீத ஈரம்னு காட்டினா பனி படியுற அளவு சுமார் 25.2, இடைவெளி 3 கூட இல்ல, அப்ப அடிச்சா கண்ணுக்குத் தெரியாத தண்ணிப் படலத்து மேலதான் ப்ரைமர் உக்காரும். அதே நாள் நல்ல வெயில்ல 31 டிகிரி, 70 சதவீதம்னா சுமார் 24.9, ஆறு டிகிரி இடைவெளி, தாராளமா அடிக்கலாம். டிசம்பர், ஜனவரி அடைமழைக் காலத்துல வெளி வேலைய விட்டுட்டு சீட்டு, மரம், குரோம்னு உள் வேலையப் பாருங்க, பிப்ரவரியில காய்ஞ்ச நாள் கிடைக்கும்போது தகட்ட எடுங்க.

அடிக்கிறதுக்கு முன்னாடி டீகிரீஸர ஒரு துணியில தொட்டுத் துடைச்சு, காயுறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால எடுங்க. அப்புறம் கையுறை இல்லாம தொடாதீங்க. ரெண்டு பாகம் கலக்குற எபாக்ஸி ப்ரைமர்தான் வேணும், சாதாரண ஸ்ப்ரே டப்பா ப்ரைமர் ஈரத்த உள்ள விடும்.

ஓட்டை விழுந்த இடம்

ஓட்டைக்கு மேல ஃபைபர் துணி ஒட்டி பட்டி போட்டு மறைக்கிற வேலைய யாரு சொன்னாலும் கேக்காதீங்க. கெட்ட தகட்ட வெட்டி எடுத்து, அதே கனத்துல, பெரும்பாலும் 0.8-லேருந்து 1 மில்லிமீட்டர், புதுத் தகடு வளைச்சு வெல்டிங் வைக்கணும். வெட்டுறதும், அட்டையில அளவெடுத்து துண்டு செய்யுறதும் நீங்க கத்துக்கலாம், சொல்லப் போனா அதுதான் ரசிச்சு செய்யுற வேலை. ஆனா ஜாக்கி மாட்டுற இடம், கதவுக்குக் கீழ ஓடுற பெட்டிப் பகுதி, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம், சீட் பெல்ட் மாட்டுற இடம் இதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்டது, அத நல்ல வெல்டர்கிட்ட கொடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு வெல்டர் அண்ணன், துண்ட நீங்களே பொருத்திக் கொண்டு போனா, "தம்பி பாதி வேலைய முடிச்சுட்டியேப்பா"ன்னு சந்தோஷமா வாங்குவாரு, காசும் குறையும். அவர் வேலை பாக்குறதப் பாருங்க: ஒரே கோடா இழுக்க மாட்டார், இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளின்னு மாத்தி மாத்தி வைப்பார், நடுவுல ஆற விடுவார், இல்லன்னா தகடு சூட்டுல நெளிஞ்சுரும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ஒயரோட சேத்து ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழட்டச் சொல்லுங்க. ஏர்பேக் இருக்குற மாடல்னா அந்த ஒயர் பக்கம் நீங்க கை வைக்க வேண்டாம்.

பட்டி, பெயிண்ட்

பட்டிய வெறும் தகட்டுல போடாம எபாக்ஸிக்கு மேல போடுங்க, பட்டி ஈரத்த உறிஞ்சும். 3 மில்லிமீட்டருக்கு மேல தேவைப்பட்டா தகட்ட இன்னும் தட்டி நேராக்கணும்னு அர்த்தம். நீளக் கட்டையில உப்புத்தாள் சுத்தி குறுக்கும் நெடுக்குமா தேய்ங்க, கண்ணவிட உள்ளங்கை நல்லா கண்டுபிடிக்கும், கண்ண மூடித் தடவிப் பாருங்க.

கலர் பெயிண்டும் கிளியர் கோட்டும் ஸ்ப்ரே பூத் இருக்குற கடைக்குக் கொடுத்துருங்க. ரெண்டு பாகக் கிளியர்ல இருக்குற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, சாதாரண முகமூடி தாங்காது, தரைவீடா இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க மூக்குக்குத்தான் போகும். 400 வரைக்கும் தேய்ச்சு சுத்தமா கொண்டு போனா கடைக்காரருக்கு வேலை பாதி. ரேடியேட்டருக்கு மேல இருக்குற தட்டுல பெயிண்ட் நம்பர் இருக்கும், உதாரணத்துக்கு 735-ன்னா ஆஸ்ட்ரல் சில்வர். ஆனா 35 வருஷ வெயில் பட்ட கலர் அந்த நம்பரோட அப்பிடியே ஒத்துப் போகாது, பெட்ரோல் மூடிய கழட்டிக் கொடுத்து அதுக்கு மேட்ச் பண்ணச் சொல்லுங்க.

குரோம்ல லேசா துருப்புள்ளி இருந்தா சமையலுக்கு வெச்சிருக்குற அலுமினியத் தாள கசக்கி தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, ஆச்சரியமா போகும். லெதர், மரம், கார்ப்பெட் பத்தி தனியா எழுதுற அளவுக்கு இருக்கு, இப்போதைக்கு ஒண்ணு: ஈரக் கார்ப்பெட்ட வெயில்ல முழுசா காய வைக்காம திரும்ப போடாதீங்க.

பார்ட்ஸுக்கு ஜேபி (ஜோகூர் பாரு) போறவங்க, அங்க ஹாஃப் கட் கடைங்கள்ல, அதாவது பாதியா வெட்டின பழைய கார் பாகம் விக்கிற கடைங்கள்ல, நல்ல கதவு, மட்கார்டு, கிளிப் எல்லாம் கிடைக்கும், கொஞ்சம் பேரம் பேசலாம். வாங்குற பேனலையும் தட்டிப் பாத்தே வாங்குங்க. திரும்பி வரும்போது வரம்புக்கு மேல போன சாமானுக்கு ஜிஎஸ்டி கட்டணும், அத கணக்குல சேத்துக்கிட்டு விலையப் பாருங்க.

உள்ள மெழுகு

பெயிண்ட் நல்லா காஞ்சதும் நிறைய பேர் வேலை முடிஞ்சதுன்னு நெனைப்பாங்க. துரு உள்ளேருந்து வர்றதால உள்பக்கத்தையும் மூடியாகணும். கதவுக்குக் கீழ ஓடுற பெட்டி, கதவோட அடி, மட்கார்டோட உள் மடிப்பு, இதுக்கெல்லாம் டைனிட்ரால், வாக்ஸாயில் மாதிரி கேவிட்டி வாக்ஸ் இருக்கு, நீளமான மெல்லிசுக் குழாயோட வரும். ரப்பர் மூடிய எடுத்து குழாய உள்ள கடைசி வரைக்கும் விட்டு, அடிச்சுக்கிட்டே மெதுவா வெளிய இழுங்க, மடிப்புலேருந்து மெழுகு கசிஞ்சு வந்தா உள்ள நல்லா பரவியிருக்குன்னு அர்த்தம். முன்கூட்டியே ஒரு கம்பிய எல்லா வடிகால் ஓட்டையிலயும் சொருகி வைங்க, மெழுகு போயி ஓட்டைய அடைச்சுட்டா தண்ணி மறுபடியும் உள்ள நிக்கும். மறுநாள் கம்பிய எடுத்துட்டு புது ரப்பர் மூடி போட்டு, பிளாஸ்டிக் பலகைய புது கிளிப்போட மாட்டிருங்க.

அப்புறம் வண்டிய நல்ல மழையில ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. வீட்டுக்கு வந்ததும் கார்ப்பெட்டத் தூக்கி, ஸ்பேர் டயர் குழியில கை வெச்சு, ஈரம் இருக்கான்னு பாருங்க. காய்ஞ்சிருந்தா நோட்டுல அந்தப் பகுதிக்கு டிக் போட்டுட்டு, மெலிஞ்சதுன்னு எழுதி வெச்ச அடுத்த இடத்த எடுங்க, ஓட்டைன்னு எழுதினதுக்கு வெல்டர் அண்ணன்கிட்ட நேரம் கேட்டு வைங்க.